பேஸ்புக்கின் விளம்பரக் கட்டுப்பாடுகள்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

கொழும்பில் எங்கட ஆட்கள் பேஸ்புக்கை விடமாட்டாமல் இருப்பதற்குக் காரணம் சொந்தபந்தம். ரொறன்ரோவில் நடந்த சாமத்தியவீடும் ஊர்க் கோயில் தேரும் அங்கேதான் பார்க்கக் கிடைக்கின்றன. அந்தப் படங்களுக்கு நடுவில் ஒரு புடைவைக் கடை விளம்பரம் வந்தால், அதே இளகிய மனதோடுதான் அதையும் பார்க்கிறோம். முன்பின் தெரியாத பேஜுக்கு முற்பணம் போடுவதும் இதனால்தான். கணக்கை மூடு என்பது இங்கே யாருக்கும் உதவாத புத்திமதி. விளம்பரத்துக்குக் கடிவாளம் போட பேஸ்புக்கே சில வசதிகள் தந்திருக்கிறது. அவற்றைச் சரியாகப் பாவித்தால் பலன் உண்டு.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் சென்டரைத் திறந்து ஆட் ப்ரிஃபரன்ஸஸுக்குள் போங்கள். விளம்பரக் கூட்டாளிகளிடமிருந்து (வெளிக் கடைகள், செயலிகள் போன்றவை) வரும் தகவலைப் பாவிக்க வேண்டாம் என்று அங்கே தெரிவு செய்யலாம். பல கடைகளின் இணையத்தளங்களில் மெட்டா பிக்சல் என்ற சிறு நிரல் இருக்கிறது. நீங்கள் எந்தச் சப்பாத்தைப் பார்த்தீர்கள் என்பதை அது பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு அறிவிக்கும். இந்தத் தெரிவுக்குப் பிறகு அதே சப்பாத்து உங்களைத் துரத்துவது குறையும். விளம்பரங்களின் எண்ணிக்கை மட்டும் குறையாது.

வெளித்தளங்களில் உங்கள் நடமாட்டத்தைக் காட்டும் பகுதியும் அக்கவுண்ட்ஸ் சென்டரிலேயே உண்டு. பழையதை அழிக்கலாம், இனி வருவதையும் துண்டிக்கலாம். ஆனால் துண்டித்தால் பேஸ்புக் மூலம் லொகின் செய்யும் செயலிகளுக்குள் போக முடியாது. ஆகவே அவற்றுக்கு மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் போட்டுவைத்த பிறகே இதில் கை வையுங்கள்.

ஆட் ப்ரிஃபரன்ஸஸுக்குள் இருக்கும் ஆட் டொபிக்ஸ் பகுதிதான் மனதுக்கு மிக நெருக்கமானது. மதுபானம், பிள்ளை வளர்ப்பு போன்ற தலைப்புகளுக்கு 'குறைவாகக் காட்டு' என்று கொடுக்கலாம். கரு கலைந்து துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் குழந்தைச் சட்டை விளம்பரம் வருவது எவ்வளவு கொடுமை! அவளுக்கு இந்த ஒரு தட்டல் பெரிய ஆறுதல். ஆனாலும் குறைக்கத்தான் முடியும், அடியோடு நிறுத்த வழியில்லை. இது பெரிய குறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 நவம்பரில் வந்த, காசு கட்டி விளம்பரமில்லாமல் பார்க்கும் வசதியும் இலங்கையில் இல்லை.

இருப்பதில் சிறந்தது 2022 ஜூலையில் வந்த ஃபீட்ஸ். மெனுவில் அதைத் திறந்து ஃப்ரெண்ட்ஸ் என்பதைத் தட்டினால், தெரிந்தவர்களின் பதிவுகள் புதியது முதலாக வரிசையாக வரும். யாரோ ஒருவரின் 'பரிந்துரை' இடையில் புகாது. விளம்பரம் அங்கேயும் உண்டு. செயலியைத் திறந்தவுடன் வருவது ஹோம்தான் என்பதால் ஃபீட்ஸ் இருப்பதே பலருக்குத் தெரியாது. அம்மா அப்பாவின் ஃபோனில் இதை ஒருதரம் காட்டிக்கொடுங்கள்.

விளம்பரத்தைப் பார்த்து வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பேஜின் அபௌட் பகுதியில் பேஜ் ட்ரான்ஸ்பேரன்ஸியைப் பாருங்கள். தொடங்கிய திகதியும் பழைய பெயர்களும் அங்கே இருக்கும். முகவரி வெள்ளவத்தை என்று போட்டிருந்தும், பேஜ் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாமல் அதற்குள் பெயரும் மாறியிருந்தால் முற்பணம் போட வேண்டாம். பொருள் கைக்கு வந்தபின் காசு வாங்கச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள்.