ட்ரீட்டீஸ் எக்ஸ்ப்ளோரர்: ஒப்பந்தத்தின் அசல் தாள் கிடைக்கிறது, அன்று பேசிய பேச்சை வேறிடத்தில்தான் தேட வேண்டும்

வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றி வாழும் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் நிலம் எப்படிக் கை மாறியது என்று படிக்க நினைப்பவர்கள் முதலில் திறக்க வேண்டியது ட்ரீட்டீஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற இந்த இணையதளத்தைத்தான். ஆனால் இதோடு நின்றுவிடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பூர்வகுடி ஒப்பந்தங்கள் 374-ஐயும் ஸ்கேன் செய்து, 2020-இல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். சான்டா ஃபேயில் உள்ள பூர்வகுடிக் கலை அருங்காட்சியகமும் இதில் கைகோத்திருக்கிறது. காசு கட்ட வேண்டியதில்லை. முன்பெல்லாம் மைக்ரோஃபிலிம் சுருளை ஓட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பார்த்த தாளை இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே பெரிதாக்கிப் பார்க்கலாம். எழுத்தரின் கையெழுத்து, தலைவர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிலுவைக் குறி, எல்லாமே தெளிவாகத் தெரிகிறது. தேடும்போது மட்டும் சிப்பெவா, ஒட்டாவா, பொட்டவாட்டமி என்று போட்டுப் பாருங்கள், அனிஷினாபே மக்களுக்கு அரசு எழுதிய பெயர்கள் அவைதான். பழைய கையெழுத்தைப் படிக்கச் சிரமமாக இருந்தால், 1904-இல் காப்ளர் தொகுத்த அச்சுப் பதிப்பை ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது, அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் நிற்கக் கூடாது என்கிறேன்? சிப்பெவாக்களோடு போட்ட 1837-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். ஜூலை 29 அன்று, மினசோட்டா ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தில், ஸ்னெல்லிங் கோட்டைக்குப் பக்கத்தில் கையெழுத்தானது. அரசுத் தரப்பில் விஸ்கான்சின் ஆளுநர் ஹென்றி டாட்ஜ். அரசுக்கு வேண்டியது அங்கிருந்த வெள்ளைப் பைன் மரங்கள். விலையாக 20 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 9,500 டாலர் பணம், 19,000 டாலருக்குச் சரக்கு, 500 டாலருக்குப் புகையிலை, இன்னும் சில. அதே தாளில் வியாபாரிகளின் கடனை அடைக்க மட்டும் 70,000 டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், வயிறு எரியும். ஐந்தாவது பிரிவில்தான் உயிர் இருக்கிறது. விற்ற நிலத்திலும் ஆறுகளிலும் ஏரிகளிலும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டரிசி சேகரிக்கவும் உரிமை உண்டு, ஆனால் ஜனாதிபதிக்கு விருப்பம் உள்ளவரை என்று.

தாளில் இவ்வளவுதான். அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்தால் காட்சியே வேறு. மாகெகாபோ என்ற தலைவர் எழுந்து, எங்களுக்குப் பிழைப்பு தரும் மரத்தையும் உயிர் தரும் தண்ணீர் குடிக்கும் ஓடைகளையும் நாங்களே வைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்று சொல்லி, ஓக் மரத்தின் சிறு கிளையை மேசைமேல் வைக்கிறார். குறிப்பெழுதிய செயலாளர் வான் ஆன்ட்வெர்ப், இது அர்த்தமில்லாத பேச்சு என்று எழுதிவிட்டு, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் மேப்பிள் சர்க்கரை காய்ச்சவும் உரிமை கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று தன் ஊகத்தையும் சேர்த்திருக்கிறார். அப்புறம் ஃப்ளாட் மவுத் என்ற தலைவர் அதையே நேரடியாகக் கேட்கிறார், டாட்ஜும் ஒத்துக்கொள்கிறார்.

இது ஏதோ சுவாரசியத்துக்காகச் சொல்வதில்லை. 1850-இல் ஜனாதிபதி டெய்லர் இந்த உரிமையை ரத்து செய்து, மக்களை மேற்கே போகச் சொல்லி உத்தரவு போட்டார். ஆண்டுத் தொகையைச் சுப்பீரியர் ஏரித் தீவில் உள்ள லா பாயின்ட்டில் தராமல் தொலைவில், மினசோட்டாவில் உள்ள சாண்டி லேக்குக்கு வரச் சொல்லி, குளிர்காலத்தில் காக்க வைத்ததிலும் திரும்பும் வழியிலுமாகச் சுமார் 400 பேர் செத்துப்போனார்கள். 1852-இல் வயதான தலைவர் பஃபலோ வாஷிங்டன் வரை போய் ஜனாதிபதி ஃபில்மோரைப் பார்த்து முறையிட்டார், 1854 ஒப்பந்தத்தில்தான் அவர்கள் மண்ணிலேயே நிரந்தர ஒதுக்கீட்டு நிலங்கள் எழுதப்பட்டன. அதற்கப்புறமும் மாநில அரசுகள் மீன் பிடித்ததற்கு வழக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தன. 1983-இல் விஸ்கான்சின் வழக்கிலும், 1999-இல் மினசோட்டாவின் மில் லாக்ஸ் சிப்பெவாக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கிலும் உரிமை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1999 தீர்ப்பு ஃப்ளாட் மவுத்தின் பேச்சையும் டாட்ஜின் பதிலையும் அந்தக் குறிப்பிலிருந்தே எடுத்துக் காட்டுகிறது. நீதிமன்றத்துக்கே தாள் மட்டும் போதவில்லை.

அதனால்தான் என் பெரிய குறை இதுதான்: இந்தத் தொகுப்பின் மையம் ஒப்பந்தத் தாள்கள்தான். பேச்சுவார்த்தைக் குறிப்புகள் டி494 என்ற தனி மைக்ரோஃபிலிம் வரிசையில் இருக்கின்றன. ஒரே திரையில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால், படிக்க வரும் மாணவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

இன்னொன்று, இது அமெரிக்கப் பக்கம் மட்டும். அனிஷினாபே நிலம் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. ஹுரான் ஏரிக்கும் சுப்பீரியர் ஏரிக்கும் வடக்கே 1850-இல் போட்ட ராபின்சன் ஒப்பந்தங்களையும், 1873-இன் மூன்றாம் எண் ஒப்பந்தத்தையும் கனடாவின் ஆவணக் காப்பகத்தில்தான் பார்க்க வேண்டும். கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் நிலத்தின் வருமானம் கூடினால் ஆண்டுத் தொகையும் கூட வேண்டும் என்று ராபின்சன் ஒப்பந்தங்களில் எழுதியிருந்தும், 1875-இல் ஆளுக்கு 4 டாலர் ஆன தொகை அதற்குப் பிறகு ஏறவே இல்லை. சுரங்கமும் மரமும் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்த மண் அது! 2024 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் அரசு வாக்குத் தவறியது என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பே ஹுரான் பக்கத்து மக்களோடு 1,000 கோடி கனடிய டாலருக்குச் சமரசம் பேசி முடித்திருந்தார்கள்.

புதிதாக உள்ளே போகிறவர்கள் 1837, 1842, 1854 என்ற வரிசையில் சிப்பெவா ஒப்பந்தங்களைத் திறங்கள். 1837-ஐ முடித்ததும் 1999 தீர்ப்பின் முதல் சில பக்கங்களைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அந்தப் பேச்சுகள் அங்கே சுருக்கமாகக் கிடைக்கும்.