நோனெலா, எலக்ட்ரானிக்கா? சுரங்கத்துக்குள் எந்த டெட்டனேட்டர்

நிலத்தடி உலோகச் சுரங்கத்தில் எவ்வளவு வெடிமருந்து என்பதைவிட, எந்தத் துளை எப்போது வெடிக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். அதை முடிவு செய்வது ஒவ்வொரு துளையிலும் மருந்தைப் பற்றவைக்கும் டெட்டனேட்டர். சுரங்கப்பாதை குடையும்போது நடுவில் மருந்தில்லாமல் சில பெரிய துளைகளை விட்டுவிடுவார்கள். அவற்றை ஒட்டிய துளைகள் முதலில் வெடித்து இடம் உண்டாக்க வேண்டும், அப்புறம் வெளிவட்டம், தரையோரத் துளைகள் கடைசியில். வரிசை பிசகினால் பாறை நகர இடமிருக்காது.

போட்டி நோனெலுக்கும் எலக்ட்ரானிக்குக்கும்தான். கம்பியில் வரும் மின்சாரம் பட்டதுமே தூண்டப்படும் பழைய மின் டெட்டனேட்டர் இந்தப் போட்டியிலேயே இல்லை. பம்பும் கேபிளும் நிறைந்த இடத்தில் கசிவு மின்சாரமே அதை வெடிக்க வைத்துவிடும். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் அதற்குத் தடையும் வந்துவிட்டது.

நோனெல் ஸ்வீடனில் பிறந்தது. டெட்டனேட்டரோடு இணைந்த, சுமார் 3 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய். உட்சுவரில் பூசிய வெடிப்பொடி வழியே அதிர்வலை நொடிக்கு 2,000 மீட்டர் அளவில் ஓடும். ஆனால் தாமதத்தைத் தருவது டெட்டனேட்டருக்குள் எரியும் ரசாயனம். எரிவதில் முன்பின் இருக்கத்தான் செய்யும்: 5 நொடித் தாமதத்தில் 2 சதவீதம் பிசகினாலே 100 மில்லிசெகண்ட். எலக்ட்ரானிக்கில் அந்த வேலையைச் சிப் பார்க்கிறது. 1 மில்லிசெகண்ட் படிகளில் நேரம் குறிக்கலாம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சோதனை. எலக்ட்ரானிக்கில் எந்தத் துளை பதில் சொல்லவில்லை என்று வெடிக்கும் முன்பே கருவி காட்டிவிடும். நோனெலில் குழாய் கல்லில் அறுபட்டதா, இணைப்பு கழன்றதா என்று விளக்கடித்துப் பார்ப்பதுதான் சோதனை. கண்ணுக்குத் தப்பிய துளை வெடிக்காமல் கிடந்து, அடுத்த ஷிப்டில் யாராவது அதிலேயே டிரில் வைத்தால்?

அதற்காக எல்லா இடத்துக்கும் எலக்ட்ரானிக் வாங்கச் சொல்ல மாட்டேன். விலை பல மடங்கு. பாதை குடைவதில் துளைகளுக்கிடையே பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் இடைவெளி இருப்பதால் நோனெலே தாராளம். தாது எடுக்கும் ஸ்டோப்பில் கதை வேறு. நீளத் துளைகள் சில பத்து மில்லிசெகண்ட் இடைவெளியில் வெடிக்கும்; அங்கே பிசகினால் பெரும்பாறைகள் மிஞ்சும், பக்கச்சுவர் உடைந்து வெறுங்கல் தாதுவோடு கலக்கும். அந்தக் கலப்பை ஏற்றி, அரைத்து, கழிக்கும் செலவோடு பார்த்தால் எலக்ட்ரானிக் மலிவு.

மூன்றாவதாகக் கம்பியே இல்லாத வகையும் வந்திருக்கிறது. கட்டளை காந்தப்புலம் வழியே பாறையைத் துளைத்துப் போகிறது. கனடாவின் மஸ்ஸல்வைட் தங்கச் சுரங்கத்தில் இதை வைத்து, துளைகளில் முன்கூட்டியே மருந்திட்ட தாதுப்பாறைத் தூணைத் தாங்கலாக நிற்கவிட்டு, அக்கம்பக்கத் தாதுவை எடுத்தபின் அந்தத் தூணையும் வெடித்து எடுத்திருக்கிறார்கள். கம்பியோ குழாயோ இருந்தால் முதல் வெடியிலேயே அறுந்துபோயிருக்கும்.