காந்தத்துக்குக் கதிர்வீச்சு தெரியாது

மழை விட்டதும் காரைக்குடித் தெருவோரச் செம்மண்ணில் கறுப்பு மணல் கோடு கோடாய் ஒதுங்கிக் கிடக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் உருட்டினால் மீசை மாதிரி அப்பிக்கொள்ளும். "இப்படியே அணுக்கழிவையும் இழுத்துட வேண்டியதுதானே தம்பி?" என்று பெரியப்பா ஒருநாள் கேட்டார். அசட்டுக் கேள்வி இல்லை.

அணுக்கழிவில் இருக்கும் யுரேனியம் டை ஆக்சைடும் புளுட்டோனியம் டை ஆக்சைடும் காந்தத்துக்கு இழுபடும். லேசாகத்தான்; ஸ்பீக்கர் காந்தம் போதாது. மின்தடையே இல்லாத கம்பியால் சுற்றிய, மிக வலுவான மீக்கடத்திக் காந்தத்துக்கு நடுவே இரும்பு நார் அடைத்த குழாயை வைத்து, கழிவு மண்ணைத் தண்ணீரில் கரைத்து அதன் வழியே விடுவார்கள். மெல்லிய நாரை ஒட்டிக் காந்தப்புலம் இடத்துக்கு இடம் சடாரென்று ஏறி இறங்கும். துகளைப் பிடிப்பது அந்த ஏற்ற இறக்கம்தான். காந்தத்தை நிறுத்தி நாரை அலசினால் பிடிபட்டது கையோடு வரும். வெள்ளைக் களிமண்ணின் இரும்புக் கறையை எடுக்கப் பயன்பட்ட உத்தி இது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் 1990-களில் கதிரியக்க மண்ணுக்குச் சோதித்துப் பார்த்தது.

எதிரணியில் நைட்ரிக் அமிலம். யுரேனியம் ஆக்சைடைக் கரைத்துவிடும். ஆனால் அதிகச் சூட்டில் வெந்த புளுட்டோனியம் ஆக்சைடு அதற்கு அவ்வளவு எளிதில் மசியாது. அதோடு மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் சேர்த்துத் தின்று, கடைசியில் அமிலமே இன்னொரு கழிவாகி நிற்கும். காந்தத்துக்குத் தண்ணீர் போதும். பருமனான ஆக்சைடுத் துகள் என்றால் என் ஓட்டு காந்தத்துக்கே.

பொடி நைசாக நைசாகத்தான் சிக்கல். துகளின் விட்டம் பாதியானால் இழுவிசை எட்டில் ஒன்றாகிவிடும். தண்ணீரின் இழுப்போ பாதிதான் குறையும். துகள் தப்பிவிடும். காற்றும் நீரும் பட்டு, ஆக்சிஜன் கூடி யுரேனைல் என்ற வடிவத்துக்கு மாறிய யுரேனியத்துக்குக் காந்தக் குணமே ஏறக்குறைய போய்விடும். அதைக் கரைத்தெடுக்கக் கார்பனேட் உப்புக் கரைசல்தான் சரி. சீசியம் என்ற இன்னொரு கதிரியக்கக் கழிவின் பக்கம் காந்தத்தோடு போகவே வேண்டாம், அதைப் பிடித்துவைக்க சியோலைட் என்ற கனிமம் இருக்கிறது.

அப்புறம் நம்ம ஊர் மண். சிவப்பே இரும்பால் வந்தது. காந்தம் போட்டால் யுரேனியத்தோடு இரும்புத் துகளும் கூட்டமாக வந்து நாரை அடைத்துக்கொள்ளும். பெரியப்பாவுக்கு இதில்தான் வருத்தம். இங்கே யுரேனைல் கறை என்றால் நான் கார்பனேட்டைத்தான் எடுப்பேன். அது இரும்பை அவ்வளவாகத் தொடாது.

2010-ல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் கலந்து ஒருவர் இறந்தாரே, அங்கேயும் காந்தம் உதவியிருக்காது. கோபால்ட் நன்றாகவே ஒட்டும். சுற்றிக் கிடந்த இரும்பும் ஒட்டும். கதிர்வீச்சு மானியைப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகத் தேடத்தான் வேண்டும்.