குரல் கேட்பது நோயா, அனுபவமா?

யாரும் இல்லாதபோது குரல் கேட்கும் சிலர் "எனக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்)" என்பார்கள். சிலர் "எனக்குக் குரல் கேட்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். குரலை அனுபவமாகப் பார்க்கும் இந்த இரண்டாவது பார்வைக்கு ஓர் இயக்கமே உண்டு. 1980களில் நெதர்லாந்தில் மனநல மருத்துவர் மாரியஸ் ரோமும் அவரிடம் சிகிச்சை பெற்ற பேட்ஸி ஹேகும் அதற்கு வழி திறந்தார்கள்.

பழி: நோய் என்றால் "பேய் பிடித்தவள்" பேச்சுக்குப் பதில் கிடைக்கும். அனுபவம் என்றால் ஆயுள் நோயாளி என்ற முத்திரை விழாது.

மருந்து: நோய் என்று ஏற்றவருக்கு மாத்திரையைத் தொடர்வது எளிது. மற்றவர்கள் மருந்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அவர்களிலும் மாத்திரை போடுபவர்கள் உண்டு.

குரலோடு உறவு: இங்கேதான் பெரிய வித்தியாசம். முன்னதில் குரல் அடங்கினால் போதும். பின்னதில் அது எப்போது வருகிறது, யாருடைய தொனியில் திட்டுகிறது, எந்தப் பழைய காயத்தைத் தொடுகிறது என்று கவனிப்பார்கள். "இப்போது வேலை இருக்கிறது, எட்டு மணிக்கு வா" என்று நேரம்கூட ஒதுக்குவார்கள்!

அரசுச் சலுகை: நோய்ப்பெயர்தான் வேண்டும். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் உண்டு, ஆனால் சான்றிதழ் கேட்பார்கள்.

தூக்கம் கெட்டு, குரல் கட்டளையிடத் தொடங்கினால் முதல் பார்வைதான் சரி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை போட்டும் குரல் முழுதாகப் போகாதவருக்கு, என் கணிப்பில், இரண்டாவது தோதுப்படும்.