ஏஜென்டுக்கு எழுதி வைத்த கோப்பு: பத்து மாத அனுபவம்

பாளையங்கோட்டையில் நாங்கள் நான்கு பேர், நெல் வியாபாரிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். எங்கள் ரெப்போவுக்கு, அதாவது நிரல் முழுவதும் இருக்கும் கிடங்குக்கு, ஆறு வயது. போன பிசானப் பருவ நெல் நடவு நேரத்தில் ஏஐ ஏஜென்டுகளை, அதாவது சொன்ன வேலையைத் தானாகச் செய்யும் ஏஐ கருவிகளைக் கொண்டு கோடு (நிரல்) எழுத ஆரம்பித்தோம். இப்போது கார் பருவ அறுப்பு நெருங்குகிறது. இந்தப் பத்து மாதத்தில் நான் அதிகம் திருத்தியது நிரலை அல்ல, ஏஜென்ட்ஸ் டாட் எம்டி (AGENTS.md) என்ற கோப்பைத்தான்.

அது ரெப்போவின் மேல்மட்டத்தில் வைக்கும் சாதாரண மார்க்டவுன் கோப்பு, அதாவது எளிய குறிகளோடு எழுதும் உரைக் கோப்பு. பல ஏஜென்டுகள் வேலையைத் தொடங்கும்போதே அதைப் படித்துவிடும். கிளாட் கோட் என்ற ஏஜென்ட் தேடுவது கிளாட் டாட் எம்டி (CLAUDE.md) என்ற கோப்பை. அதில் ஒரே வரி எழுதி இந்தக் கோப்பைச் சேர்த்துக்கொண்டோம்.

முதலில் பழைய ரீட்மியை (மனிதர்களுக்கு எழுதிய அறிமுகக் கோப்பை) அப்படியே ஒட்டினேன். அறுநூறு வரி. அது பலன் தரவில்லை. கோப்பு முழுவதும் ஒவ்வொரு முறையும் ஏஜென்டின் கான்டெக்ஸ்டில் (ஒரே நேரத்தில் அது மனதில் வைத்திருக்கும் உரையில்) ஏறுகிறது, வேண்டாத வரிகளுக்கு நடுவே வேண்டியது கரைந்துபோகிறது. இப்போது தொண்ணூறு வரிதான் இருக்கிறது.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல். அதன் பெயர் 'கிளீன்'. பெயரைப் பார்த்தால் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) துடைப்பது போலத் தோன்றும். ஆனால் அது லோக்கல் டேட்டாபேஸையே அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். எங்கள் நால்வருக்கும் இது தெரியும், தெரிந்ததாலேயே யாரும் எழுதி வைக்கவில்லை. தோற்றுப்போன ஒரு டெஸ்டை (நிரலைச் சரிபார்க்கும் சோதனையை) சரிசெய்யப் போன ஏஜென்ட் அதை ஓட்டிவிட்டது. ஒரு பருவத்துக் கணக்குபோலப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய சோதனைத் தரவு போயிற்று. மறுபடி உருவாக்க இரண்டு நாள் ஆனது.

அப்புறம்தான் ஒவ்வொரு கருவியைப் பற்றியும் எதற்கு, எதையெல்லாம் தொடும், எவ்வளவு நேரம் எடுக்கும், தோற்றால் எப்படித் தெரியும் என்று எழுத ஆரம்பித்தேன். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது கருவியின் குறையே வெளியே வந்தது. எங்கள் இறக்குமதி ஸ்கிரிப்ட் பிழையைத் திரையில் காட்டிவிட்டு எக்ஸிட் கோடு (முடியும்போது திருப்பித் தரும் எண்) பூஜ்யத்தோடு முடியும். பூஜ்யம் என்றால் வெற்றி. அதனால் ஏஜென்டும் 'முடிந்தது' என்றே சொல்லிவந்தது. இதை விளக்கி நாலு வரி எழுதுவதை விட ஸ்கிரிப்டில் ஒரு வரி திருத்துவது நல்லது, திருத்திவிட்டேன். 'தொடரவா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஸ்கிரிப்டுகளுக்கும் கேள்வியே கேட்காமல் ஓடும் வழி வைத்தோம். 'கிளீன்' இப்போது 'டேட்டாபேஸை அழி' என்ற பொருள் தரும் பெயரில் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'இதை ஓட்டாதே' என்று எழுதுவது பூட்டு ஆகாது. பெரும்பாலும் கேட்கும், எப்போதும் கேட்கும் என்று நம்பக்கூடாது. வாடிக்கையாளர் டேட்டாபேஸின் கடவுச்சொல் ஏஜென்ட் ஓடும் இடத்திலேயே இருக்கக்கூடாது.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. கோடில் 'கோட்டை' என்ற சொல் நிறைய வரும். நெல்லைச் சீமையில் அது நெல் அளவு, அத்தனை நெல் விதைக்கிற நிலத்தையும் கோட்டை விதைப்பாடு என்போம். ஏஜென்ட் அதை அரண் என்று எடுத்துக்கொண்டு, 'ஃபோர்ட்' என்ற பெயரில் புதிய மாறி (வேரியபிள்) ஒன்றை உருவாக்கியது. அதுவாவது கண்ணில் படும். நில அளவு இருக்க வேண்டிய இடத்தில் நெல் அளவைப் போட்டதைத்தான் மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்தோம். இப்போது மரக்கால், கோட்டை, கார், பிசானம் என்று பன்னிரண்டு சொற்களுக்குப் பொருளும், அவை எந்த டேபிளில் வரும் என்பதும் கோப்பில் இருக்கின்றன. கோப்பிலேயே அதிகம் பயன்பட்ட பகுதி இதுதான். முழுக் கோப்பையும் தமிழில் எழுதிப் பார்த்தேன், ஏஜென்டுக்குப் புரிகிறது. ஆனால் அதே செய்திக்கு டோக்கன் (ஏஜென்ட் உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு) கூடுதலாகச் செலவாகிறது. அதனால் சொற்பொருள் மட்டும் தமிழில், மற்றவை ஆங்கிலத்தில்.

முழு டெஸ்டும் ஓட இருபது நிமிடம் ஆகும், அதன் வெளியீடு ஆயிரக்கணக்கான வரி. ஒரே ஒரு டெஸ்டை ஓட்டும் கட்டளையை முதல் வரியிலேயே வைத்ததில் நேரம் நன்றாக மிச்சமானது.

கோப்பு பழசாவதுதான் இன்னும் தொல்லை. ஒரு ஃபோல்டரை நகர்த்திவிட்டுக் கோப்பைத் திருத்த மறந்தோம். ஏஜென்ட் பழைய பாதையில் புதிய ஃபோல்டரே உருவாக்கிவிட்டது. இப்போது கோப்பில் உள்ள கட்டளைகளை வாரம் ஒருமுறை தானாக ஓட்டிப் பார்க்கிறோம்.

சித்திரையில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். யாரையும் கேட்காமல், இந்தக் கோப்பை மட்டும் வைத்து முதல் நாளே எல்லாவற்றையும் ஓட்டிவிட்டாள். சாயங்காலம் வந்து, "அண்ணே, எடைமேடை ஸ்கிரிப்ட் எந்தப் போர்ட்டப் பாக்கும்னு இதுல இல்லையே" என்றாள். அன்றைக்கே அந்தப் போர்ட் (இணைப்பு வாயில்) பற்றிய வரியையும் சேர்த்தோம், ரெப்போவில் அவள் பெயரில் பதிவான முதல் மாற்றம், முதல் கமிட், அதுதான்.