எல்.பி.டி. டெண்டர்: கடைகள் பரவாயில்லை, வாங்க வந்தவர்தான் சரியில்லை

ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரையும் கப்பல் கட்டும் யார்டுகளுக்குத்தான், டெண்டர் விட்டவர்களுக்கு இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இந்தியக் கடற்படைக்கு நான்கு பெரிய தரையிறங்கு கப்பல்கள் வேண்டும். எல்.பி.டி. என்று சொல்வார்கள், ஒவ்வொன்றும் சுமார் 20,000 டன். 2011-இல் விசாரிப்பு, 2013 டிசம்பரில் டெண்டர், 2020-இல் ரத்து, 2021-இல் மறுபடியும் முதலிலிருந்து விசாரிப்பு, அப்புறம் 2025 அக்டோபர் 23 அன்று பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சிலின் ஒப்புதல். அந்த ஒப்புதல் வந்த நாள்வரை ஓர் இரும்புத் தகடுகூட வெட்டப்படவில்லை.

இது ஏதோ ஆடம்பரப் பொருள் இல்லை. இந்த வகைக் கப்பலின் பின்பாதிக்குள் ஒரு பெரிய தொட்டிபோல இடம் இருக்கும். அடித்தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிப் பின்பக்கத்தைக் கொஞ்சம் அமிழ்த்தி, பின்கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளே நிற்கும் தரையிறங்கு படகுகள் டாங்கி, லாரி, ஆட்களோடு மிதந்து வெளியே போகும். துறைமுகமே இல்லாத கரையிலும் ஆளையும் சாமானையும் இறக்கலாம். 2004 சுனாமியின்போது இப்படி ஒரு கப்பல் இல்லாத குறை நன்றாகவே தெரிந்தது. அதனால்தான் அமெரிக்காவின் ட்ரென்டன் என்ற பழைய கப்பலை சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கி, 2007-இல் ஜலஷ்வா என்று பெயர் வைத்தார்கள்.

ஜலஷ்வாவைப் பற்றித் தனியாகவே ஒரு விமர்சனம் எழுதலாம். 1971-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கப்பல், பாய்லர் வைத்து நீராவியில் ஓடுவது, நம்மிடம் வரும்போதே வயது முப்பத்தாறு. சரியாக ஆராயாமல் அவசரத்தில் வாங்கிவிட்டார்கள் என்று 2008-இல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. குட்டு வைத்தது, அமெரிக்கா போட்ட நிபந்தனைகளையும் சுட்டிக்காட்டியது. ஆனாலும் உழைப்பில் குறை சொல்ல முடியாது. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், மாலத்தீவின் மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. ஜூலை தொடக்கத்தில் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது, அதில் பெரும்பாலும் நம் மீனவர்கள். கப்பலில் இடம் போதாமல் சிலர் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாவதாக ஒரு கப்பல் இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

சரி, போட்டிக்கு வருவோம். 2013-இல் மூன்று தனியார் யார்டுகள். எல் அண்ட் டி ஸ்பெயினின் நவான்டியாவோடு வந்தது, குஜராத்தின் பிபாவாவ் பிரான்சின் டி.சி.என்.எஸ்.ஸோடு, ஏ.பி.ஜி. ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது: ஸ்பெயினின் ஹுவான் கார்லோஸும் பிரான்சின் மிஸ்ட்ரலும் ஏற்கெனவே கடலில் ஓடுகிற வடிவமைப்புகள், காகிதத்தில் மட்டும் இருப்பவை அல்ல. ஆனால் டெண்டரிலேயே ஒரு கோளாறு. ஜெயிக்கிற தனியார் இரண்டு கப்பல் கட்டுவார், மீதி இரண்டை அதே வடிவமைப்பில், அதே விலைக்கு, விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு கட்டும். போட்டியே போடாத யார்டுக்குப் பாதி ஆர்டர்! சிந்துகீர்த்தி நீர்மூழ்கியின் பராமரிப்பு அங்கே 2006-இல் தொடங்கி 2015 வரை இழுத்தது. போட்டி போட்டு விலையைக் குறைத்தவர் இதை எந்த முகத்தோடு பார்த்திருப்பார்?

அப்புறம் காத்திருப்பு. தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. ஆர்டர் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் யார்டுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். ஏ.பி.ஜி. கடனில் மூழ்கி 2017-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. பிபாவாவ் அனில் அம்பானி கைக்கு மாறி ரிலையன்ஸ் நேவல் ஆகி, 2020 ஜனவரியில் அதுவும் திவால் நடவடிக்கைக்குள் போனது. இந்த யார்டுகள் விழுந்ததற்கு இந்த டெண்டர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் வாங்கிய கடன் அவர்கள் தலையில்தான். ஆனால் மூன்று பேர் ஓட வந்த பந்தயத்தில் இரண்டு பேர் மயங்கி விழும்வரை விசில் ஊதாமல் நின்றவரை என்ன சொல்வது? மிச்சம் நின்றது எல் அண்ட் டி. ஒரே ஆள் நின்றால் ஒப்பிட விலை இல்லை, கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் தயக்கம் வரும். ரத்து.

இதே 2013 டிசம்பரில் துருக்கி என்ன செய்தது பாருங்கள். அதே நவான்டியா வடிவமைப்புக்கு, செடெஃப் என்ற தங்கள் யார்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-இல் தகடு வெட்டினார்கள், நடுவில் கப்பலில் தீ விபத்துகூட நடந்தது, 2023 ஏப்ரலில் அந்தக் கப்பல் அனடோலு என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தது. அல்ஜீரியா 2011-இல் இத்தாலியிடம் ஆர்டர் கொடுத்து 2014-இல் கப்பலை வாங்கிக்கொண்டு போய்விட்டது. சீனாவின் கணக்கை எடுத்தால் வயிறு எரியும்: டைப் 071 என்ற எல்.பி.டி. மட்டும் எட்டு, அதற்கு மேல் இன்னும் பெரிய டைப் 075.

நம் யார்டுகளுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கடலோரக் காவல்படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்க்க வந்ததும் அங்கேதான். கொச்சி யார்டு விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தையே கட்டியது. கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. யார்டு ஷார்துல் வகையில் மூன்று தரையிறங்கு கப்பல்களைக் கட்டியிருக்கிறது, அளவு சிறியது என்றாலும் அனுபவம் அனுபவம்தான்.

இப்போது இரண்டாம் சுற்று. மும்பையின் மசகான் டாக், ஸ்வான் டிஃபென்ஸோடு கைகோத்திருக்கிறது. ஸ்வான் வேறு யாரும் இல்லை, அதே பழைய பிபாவாவ் யார்டுதான், பெயரும் முதலாளியும் புதிது. 662 மீட்டர் நீள ட்ரை டாக் (தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே கப்பல் கட்டும் தொட்டி) மட்டும் அப்படியே இருக்கிறது, நாட்டிலேயே பெரியது. மசகானின் போர்க்கப்பல் அனுபவமும் இந்த டாக்கும் சேர்ந்தால் எல் அண்ட் டிக்கு நல்ல போட்டி கிடைக்கும் என்று நினைக்கிறேன். என் ஓட்டு இன்னும் காட்டுப்பள்ளிக்குத்தான், சொன்ன தேதிக்குக் கொடுக்கிற பழக்கம் அவர்களிடம் இருக்கிறது.

டெண்டர் தாள் வெளியே வந்ததும் நான் முதலில் தேடப்போவது பீரங்கியையோ ஹெலிகாப்டர் எண்ணிக்கையையோ அல்ல. தோற்றவருக்கோ போட்டியிடாதவருக்கோ பங்கு உண்டா, விலைப்புள்ளி எத்தனை மாதம் செல்லும், கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் என்ன செய்வார்கள், இந்த மூன்றையும்தான். மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் இன்னொரு நட்சத்திரம் சேர்க்கிறேன்.