அக்ரிலிக் எழுத்து வெட்ட ஜிக்சாவா, டிரிம்மரா?
பெயர்ப்பலகை போர்டு வேலைக்கு முதலில் ஜிக்சாதான் (சின்ன பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் கைக்கருவி) வாங்கினேன். சன்போர்டு (நுரை பிளாஸ்டிக் பலகை), ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு) எல்லாம் நன்றாகவே வெட்டியது, ஆனால் 5 மி.மீ. அக்ரிலிக்கில் வேகத்தைக் கூட்டினால் வெட்டிய இடமே உருகி பிளேடுக்குப் பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது, 'க'வின் சுழியைத் திருப்பும்போது ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்து ஒரு ஷீட்டே வீணாகிவிட்டது.

அப்புறம்தான் 6 மி.மீ. தண்டுள்ள பிட் (சுழன்று வெட்டும் முனை) பொருத்தும் டிரிம்மர் வாங்கினேன். அருமையான கருவி! எம்டிஎஃப்பில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) எழுத்தின் அச்சை வெட்டி டபுள் சைடு டேப்பால் ஷீட்டில் ஒட்டி, அச்சின் ஓரத்துக்கு 2 மி.மீ. வெளியே ஜிக்சாவை மெதுவாக ஓட்டிவிட்டு, பேரிங் (அச்சில் உரசி உருளும் சிறு வளையம்) வைத்த பிட்டை அச்சின் ஓரமாகக் கொண்டுபோனால் பத்து 'ம'வும் ஒரே மாதிரி வருகின்றன. வேகம் குறைக்கும் டயல் இல்லாத டிரிம்மரை மட்டும் வாங்காதீர்கள், அக்ரிலிக் உருகிவிடும். ஷீட்டின் மேல்தாளையும் கடைசிவரை உரிக்க வேண்டாம்.